ரைஃபிள் தோட்டாக்களை மீள்நிரப்புவதில் எவ்வளவு மெனக்கெட வேண்டும்?

கேள்வி:
மூன்று ஆண்டுகளாக .308 வின்செஸ்டர் தோட்டாக்களை நானே நிரப்பிக்கொள்கிறேன். துப்பாக்கியின் அறையும் (தோட்டா உட்காரும் இடம்) குழலும் தொழிற்சாலையில் செய்தவை. 300 மீட்டருக்கு அப்பால் சுடுவதில்லை. கூடுகளை (சுட்ட பின் மிஞ்சும் பித்தளை உறைகளை) எடைவாரியாகப் பிரித்து, குண்டைப் பிடிக்கும் கழுத்தின் வெளிச்சுவரைச் சீவி, பவுடருக்குத் தீப்பொறி செல்லும் பொறித்துளையின் உட்பிசிறை நீக்கி, பவுடரை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நிறுத்துப் போடுவதால், ஐம்பது தோட்டா முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறது. எடை பிரித்த பிறகு 100 மீட்டரில் மூன்று குண்டுகளின் பரவல் 30 மில்லிமீட்டரிலிருந்து 22 ஆகக் குறைந்தது. அடுத்த வாரம் அதே தோட்டாக்கள் 34 காட்டின. இவற்றில் எதை விட்டுவிடலாம்?

பதில் 1:
தாங்கள் சுடும் தூரமே இதற்கு விடை சொல்லிவிடும். குண்டின் வேகம் நொடிக்கு 10 மீட்டர் கூடினாலோ குறைந்தாலோ, 100 மீட்டரில் அது இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கே மேலோ கீழோ நகர்த்தும். 600 மீட்டரில் அதுவே பத்து சென்டிமீட்டரைத் தொடும். எனவே பவுடரை 0.1 கிரெய்ன், அதாவது சுமார் 6.5 மில்லிகிராம், துல்லியத்துக்கு நிறுப்பது தங்களுக்குத் தாராளமாகப் போதும். கழுத்தைச் சீவுவதை இன்றே நிறுத்தலாம். தொழிற்சாலை அறையில் கழுத்துக்கு ஏற்கெனவே இடம் தளர்வாக இருக்கும், சீவினால் அந்தத் தளர்வுதான் கூடும்.

பதில் 2:
22, 34 ஆகிய எண்களை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே மாதிரி நிரப்பிய தோட்டாக்களிலேயே மூன்று குண்டுப் பரவல் ஒன்றுக்கு இரண்டாக மாறுவது சர்வசாதாரணம். எடை பிரித்தவற்றில் இருபது, பிரிக்காதவற்றில் இருபது எடுத்து, எது எதுவென்று தங்களுக்குத் தெரியாதபடி வேறொருவரைக் கலந்து கொடுக்கச் சொல்லிச் சுட்டுப் பாருங்கள். நான் அப்படிச் செய்தபோது வித்தியாசமே தெரியவில்லை. நல்ல தராசு வாங்கியதற்காக வருந்தியதுதான் மிச்சம்.

பதில் 3:
மேலே இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மிச்சமாகும் நேரத்தில் ஒரு பகுதியைப் பாதுகாப்புக்கு ஒதுக்குங்கள். பவுடர் போட்டு முடித்ததும், குண்டைப் பொருத்துவதற்கு முன், கூடுகளைக் கட்டையில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து எல்லாவற்றிலும் மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. காகிதக் கவ்வி ஒன்றை நிமிர்த்தி, நுனியை வளைத்து, கூட்டின் உட்சுவரில் அடிப்பகுதிக்குச் சற்று மேலே தடவிப் பாருங்கள்; நுனி ஒரு பள்ளத்தில் தட்டினால் அந்தக் கூடு அங்கேதான் அறுந்துபோகப் போகிறது, தயங்காமல் எறிந்துவிடுங்கள். சுட்ட கூட்டை மீண்டும் அளவுக்குக் கொண்டுவரும் அச்சான டை, கூட்டின் தோளை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை) ஒவ்வொரு முறையும் அளவுக்கு மீறிப் பின்னே தள்ளுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். ஒவ்வொரு முறையும் கைப்பிடியைக் கையால் இழுத்து இயக்கும் போல்ட் வகைத் துப்பாக்கிக்கு 0.05 மில்லிமீட்டர் தள்ளினால் போதும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நேற்று கம்பியால் தடவிப் பார்த்ததில், எடை பார்த்துப் பார்த்துப் பிரித்து முதல் தரம் என்று தனியே வைத்திருந்த பெட்டியிலேயே இரண்டு கூடுகளில் பள்ளம் தட்டியது. டையை அரைச் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, தோளை மீண்டும் அளந்துகொண்டிருக்கிறேன்.