‘பிரைஸ் டு பீட்’: தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

டெக்சஸ் மின்சந்தையைப் பற்றித் தமிழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு சொல்லில் மூன்று வாரமாக நகராமல் நிற்கிறது.

முதலில் பின்னணி. ஊரில் மின்சாரம் என்றால் நமக்கு மின்வாரியம்தான். கம்பி இழுப்பதும் ரீடிங் எடுப்பதும் பணம் வாங்குவதும் ஒரே கை. டெக்சஸில் 1999இல் நிறைவேறிய ஏழாம் எண் செனட் மசோதா இதைப் பிரித்துவிட்டது. 2002 ஜனவரி 1 முதல் கம்பி ஒரு நிறுவனத்திடம். அதற்குப் போட்டி கிடையாது, அதன் கட்டணத்தை மாநில ஆணையம் நிர்ணயிக்கும். அந்தக் கம்பி வழியே வரும் மின்சாரத்தை விற்பவர்கள் மட்டும் பலர். டாலஸிலோ ஹூஸ்டனிலோ குடியிருப்பவர் அவர்களில் ஒருவரைத் தேர்ந்துகொள்வார். ஆஸ்டின், சான் அன்டோனியோ நகராட்சி மின்நிறுவனங்கள் இதில் சேரவே இல்லை. லப்பக் நகரம் 2024இல்தான் சேர்ந்தது.

சந்தை திறந்த அன்று வாடிக்கையாளர் கூட்டம் முழுக்கப் பழைய நிறுவனத்தின் கையில் இருந்தது. அது நினைத்தால் ஓராண்டு நட்டத்துக்கு விற்றுப் புதியவர்களை முளையிலேயே கிள்ளிவிடலாம். ஆகவே வீடுகளுக்கும் சிறு வணிகர்களுக்கும் அது விற்கும் விலையைச் சட்டமே நிர்ணயித்தது. 1999 தொடக்கத்தில் இருந்த கட்டணத்தில் 6 விழுக்காடு குறைவு. அதற்கு மேலும் கூடாது, கீழும் கூடாது. மூன்று ஆண்டு கழியவேண்டும், அல்லது தன் பகுதியில் அந்த விற்பனையில் 40 விழுக்காட்டைப் போட்டியாளரிடம் இழக்கவேண்டும். எது முந்துகிறதோ அதுவரை இதுதான் நிலை. பிறகு வேறு விலையிலும் விற்கலாம், ஆனால் கேட்பவருக்கு 2006 முடியும்வரை இந்த விலையையும் கொடுத்தாகவேண்டும். எரிபொருள் விலை மாறினால் ஆண்டுக்கு இரண்டு முறைவரை ஆணையத்திடம் திருத்தம் கேட்கலாம்.

இந்த விலைக்குச் சட்டம் இட்ட பெயர்தான் ‘பிரைஸ் டு பீட்’ (price to beat), அதாவது புதியவர்கள் குறைத்து விற்று வெல்லவேண்டிய விலை. நான் ‘விஞ்சுவிலை’ என்று எழுதியிருந்தேன். படித்த என் மனைவி, “அப்படின்னா புதுசா வர்றவன் இதைவிடக் கூட்டி விக்கணுமா?” என்றாள். ‘முந்துவிலை’ என்று மாற்றலாமா? பெரியவர்கள் சொல்லவேண்டும்.

அன்புடன்,
டாலஸிலிருந்து

—

அன்புத் தம்பிக்கு,

வீட்டில் கேட்டது நல்ல கேள்வி. விஞ்சுதல் மேலே போவது. விலையில் ஒருவன் விஞ்சினான் என்றால் ஏற்றிவிட்டான் என்றே யாரும் எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

> ‘முந்துவிலை’ என்று மாற்றலாமா?

இது வினைத்தொகை. ‘ஊறுகாய்’ என்றால் ஊறுவது காய். ‘குடிநீர்’ என்றால் நீர் குடிப்பதில்லை, குடிக்கப்படுகிறது. இரண்டுக்கும் நம் மொழியில் இடமுண்டு. ஆனால் ‘முந்து’ என்பது ஓடுகிறவனைப் பற்றிய வினை. ‘முந்துவிலை’ என்று கேட்டவுடன் எல்லாரும் ஊறுகாய்ப் பக்கம்தான் போவார்கள்: முந்திச் செல்லும் விலை, அதாவது எல்லாரையும்விட மலிவாக விற்பவனின் விலை. நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

எங்கள் ஜவுளிச் சந்தையில் “ரேட்டை உடைச்சு விக்கிறான்” என்பார்கள். உயிருள்ள பேச்சு. அதிலிருந்து ‘உடைவிலை’ எடுக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அதுவும் உடைப்பவன் விலையாகத்தான் காதில் விழுகிறது.

மூன்றும் ஒரே இடத்தில் இடறுவதைப் பார்த்தபிறகுதான் ஒன்று புரிந்தது. ஆங்கிலப் பெயர் புதிதாக வருகிறவன் பக்கம் நின்று வைத்த பெயர். ‘இதோ இலக்கு, இதற்குக் கீழே விற்றுக் காட்டு’ என்று அவனை அழைக்கிறது. ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால், இந்த ஏற்பாட்டில் சட்டம் புதியவன் விலையைத் தொடவே இல்லை. கட்டுண்டவன் பழையவன் ஒருவனே. நாம் பெயரிடவேண்டியது அந்தக் கட்டுக்கு.

‘கட்டுவிலை’ என்று வைத்தால் ‘கட்டுபடியாகும் விலை’ என்ற சந்தைப் பேச்சோடு குழம்பும். ‘உச்சவரம்பு’ நிலச் சட்டத்திலிருந்து எல்லாருக்கும் தெரிந்த சொல். ஆனால் அது மேலே மட்டும் தடுப்பது. பிரிட்டனில் 2019 ஜனவரி முதல் இருக்கிற மின்கட்டண ஏற்பாட்டுக்கு அந்தப் பெயர் பொருந்தும், அங்கே எல்லா விற்பனையாளருக்கும் வரம்பு உண்டு, குறைத்து விற்கத் தடையில்லை. ‘ஆதார விலை’ உழவருக்கு உரியது, அதைத் தொடக்கூடாது. உங்கள் விலைக்குக் கூரையும் தரையும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அதுவும் ஒரே ஒருவன் தலையில்.

‘தளைவிலை’ என்று முன்மொழிகிறேன். தளை என்றால் கட்டு. இரண்டு எழுத்துச் சொல், கிளைக்கவும் செய்யும். 40 விழுக்காடு போனதும் கட்டு அவிழ்கிறதே, அது ‘தளைநீக்கம்’.

ஈரோட்டிலிருந்து

—

வணக்கம் ஐயா,

‘தளைநீக்கம்’ பார்த்தவுடன் மகிழ்ச்சி. கட்டுரையில் அந்த இடத்துக்கு இரண்டு வரி செலவழித்திருந்தேன்.

இரண்டு ஐயங்கள். ஒன்று, வாங்குகிறவர் பார்வை. பென்சில்வேனியாவில் பில்லிலேயே ஒரு விலை அச்சிட்டு வரும். வேறு விற்பனையாளரிடம் போகுமுன் அதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள் என்பதற்காக. அதற்கு ‘ஒப்புவிலை’ என்று வைத்திருக்கிறேன். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒன்று தகவல், மற்றது தடை.

இரண்டாவதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. தளை என்றால் அசையாதது அல்லவா? இந்த விலை அசைந்தது. இயற்கை எரிவாயு விலை ஏற ஏற, திருத்தம் கேட்டுக் கேட்டு இதுவும் ஏறியது. 2005இல் கத்ரீனா, ரீட்டா புயல்களுக்குப் பிறகு இன்னும் ஏறியது. தொடக்கத்தில் கொடுத்த 6 விழுக்காட்டுக் குறைப்பு அதில் கரைந்துபோனது. வேறு விற்பனையாளரைத் தேடாமல் பழைய நிறுவனத்திலேயே இருந்துவிட்ட குடும்பங்கள்தான் அதைச் சுமந்தன. இதை ‘தளை’ என்றால், அந்தக் குடும்பங்களுக்குப் பாதுகாப்பு இருந்தது போன்ற தோற்றம் வந்துவிடுமோ?

—

தம்பி,

தளை போட்ட மாட்டைப் பார்த்ததில்லையா? முன்னங்கால் இரண்டையும் கயிற்றால் பிணைத்துவிடுவார்கள். அது நிற்காது. மெல்ல மெல்ல மேய்ந்துகொண்டே பக்கத்துக் காட்டுக்கும் போய்விடும். ஓடத்தான் முடியாது. நீங்கள் சொல்லும் விலையும் அப்படித்தான் போயிருக்கிறது. தளை என்பது பயிருக்கு வேலி ஆகாது. அந்தக் குடும்பங்கள் சுமந்ததைக் கட்டுரையில் தனியாக, அழுத்தமாக எழுதுங்கள். அதைச் சொல் ஒன்றின் மேல் ஏற்றவேண்டாம்.

ஒப்புவிலையைத் தனியாகவே வைத்திருங்கள்.

—

ஐயா, தெளிந்தேன். மாற்றுக் கருத்து யாரிடமும் இல்லை என்றால் ஞாயிறன்று சொற்பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்:

தளைவிலை: மின்விற்பனையில் போட்டியைத் திறக்கும்போது, பழைய நிறுவனம் மட்டும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று அரசு கட்டிவைக்கும் விலை. எரிபொருள் விலையை ஒட்டி ஆணையத்தின் இசைவோடு மட்டும் மாறும். டெக்சஸில் 2002 முதல் 2006 வரை நடப்பில் இருந்தது.

தளைநீக்கம்: அந்தக் கட்டு அவிழ்வது.

‘இசைவோடு’ போதுமா, ‘ஒப்புதலோடு’ என்று வேண்டுமா?