விளையாடுபவர்கள் செய்த மேப்களும் மோட்களும்: நம் விக்கியில் இடம் உண்டா?

நிலவறை

நம் விளையாட்டு விக்கியின் ஆயுதங்கள் பட்டியலில் அசல் விளையாட்டில் இல்லாத வாள்கள் சில நுழைந்திருக்கின்றன. எல்லாம் ஒரே மோடில், அதாவது விளையாடுபவர் ஒருவர் செய்து விளையாட்டில் சேர்க்கும் மாற்றத்தில், வருபவை. சேர்த்தவர் நல்லெண்ணத்தோடுதான் சேர்த்திருக்கிறார், விவரங்களும் சரிதான். ஆனால் அந்த மோடைப் போடாத ஒருவர் பட்டியலை நம்பி வாளைத் தேடி அலைந்திருக்கிறார். அவர் கேட்ட கேள்வி இன்னும் உரையாடல் பக்கத்தில் பதில் இல்லாமல் கிடக்கிறது.

அதனால் ஒரு வழிகாட்டுதல் எழுதிவிடலாம் என்கிறேன். மோட், மேப், புதுக் கதாபாத்திரம், விதிமாற்றம் எல்லாவற்றுக்கும் தனிப் பெயர்வெளி, அதாவது விக்கிக்குள் தலைப்பின் முன்னொட்டால் பிரித்த தனிப் பகுதி. பக்கத் தலைப்பு «மோட்:» என்று தொடங்கும். அசல் விளையாட்டின் கட்டுரைகளில் இவை கலக்கக் கூடாது. உருவாக்கியவர் பெயர், மோடின் வெர்ஷன், விளையாட்டின் எந்த வெர்ஷனில் சோதித்தது, எங்கே கிடைக்கிறது என்ற நான்கும் கட்டாயம். இவை நிரம்பாத பக்கம் வரைவாகவே இருக்கட்டும்.

சான்றெங்கே

எதிர்க்கிறேன். தனிப் பெயர்வெளி என்றாலும் எதிர்ப்புத்தான்.

இந்த விக்கியின் மதிப்பு ஒன்றில்தான் இருக்கிறது: இங்கே எழுதியிருப்பது விளையாட்டில் அப்படியே இருக்கும். விளையாட்டுக்கு எப்போதாவது ஒரு அப்டேட் வருகிறது, அப்போதே நம்மால் எல்லா எண்களையும் உடனே திருத்த முடிவதில்லை. மோட் செய்பவர் நினைத்த நேரத்தில் மாற்றுவார், யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பக்கங்களை யார் பராமரிப்பது? எழுதிவிட்டுப் போனவர் திரும்பி வர மாட்டார். இங்கே தினமும் உட்காரும் சிலர்தான் சுமக்க வேண்டும்.

சுய விளம்பரமும் வரும். நேற்று வெளியிட்ட மேப்புக்கு இன்று பக்கம், அதில் «மிகச் சிறந்த», «எல்லோரும் விரும்பும்» என்ற அடைமொழிகள். நீக்கினால் சண்டை.

மேப்காரன்

சான்றெங்கே, நீங்கள் போடும் கோடு அவ்வளவு தெளிவானதல்ல. கவுண்டர்-ஸ்ட்ரைக் 1999இல் ஹாஃப்-லைஃபின் மோடாகத்தான் வந்தது. டோட்டா, வார்கிராஃப்ட் 3இன் எடிட்டரில் விளையாடுபவர்கள் செய்த மேப். டீம் ஃபோர்ட்ரஸ் 2இல் 2010இலேயே விளையாடுபவர்கள் வடிவமைத்த தொப்பி போன்ற பொருட்கள் விளையாட்டின் கடையில் விற்பனைக்கு வந்தன. செய்தவர்களுக்கு விற்பனையில் ஒரு பங்கும் கிடைத்தது. அந்தத் தொப்பி அசலா, விளையாடுபவர் செய்ததா? இரண்டும்தான்.

நிறுவனம் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் எழுதுவோம் என்றால் அதற்கு முந்தைய கதை முழுக்க விடுபட்டுப் போகும். அந்தக் கதைதான் எங்களைப் போல எடிட்டரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேண்டியது.

நிலவறை

பராமரிப்புச் சுமை உண்மையான கவலைதான், அதை ஒதுக்கவில்லை. ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். விளையாடுபவர்களே லெவல் செய்து பகிரும் சூப்பர் மாரியோ மேக்கர் 2015இல் நிண்டெண்டோவின் வீ யூ கருவிக்கு வந்தது. 2021இல் புது லெவல் ஏற்றுவது நின்றது, 2024 ஏப்ரலில் அந்தக் கருவியின் இணையச் சேவையே நின்றது. லிட்டில் பிக் பிளானட் 3இன் சர்வர்களைக் காலவரையின்றி மூடுவதாக அதே 2024இல் அறிவித்தார்கள். அசல் லெவல்கள் வட்டில் இருக்கின்றன, யாரும் எப்போதும் போட்டுப் பார்க்கலாம். மக்கள் செய்தவை சர்வரோடு போகும் நிலையில் இருந்தன. ரசிகர்கள் பிரதி எடுத்து வைத்தவை மட்டும் தப்பும். பிரதி இருந்தாலும் அது எப்படிப்பட்டது, யார் செய்தார்கள், ஏன் எல்லோரும் அதைப் பற்றிப் பேசினார்கள் என்று எழுதி வைத்தால்தானே பின்னால் வருபவருக்குப் புரியும்?

நம் விளையாட்டின் மேப்களும் ஒரு சர்வரில்தான் இருக்கின்றன. எழுத இதுதான் நேரம்.

சான்றெங்கே

மாரியோ மேக்கரை நீங்களே எடுத்துவிட்டதால் அதன் கடைசிக் கதையையும் சொல்கிறேன். சேவை மூடுவதற்குள், யாரும் இன்னும் முடிக்காத லெவல்கள் அனைத்தையும் முடித்துவிட வேண்டும் என்று ஒரு ரசிகர் குழு இறங்கியது. கடைசியில் மிஞ்சியவற்றில் ஒன்று «டிரிம்மிங் த ஹெர்ப்ஸ்». சில வினாடிகளே நீளும் லெவல், உலகமே முயன்றது. 2024 மார்ச்சில் அதைச் செய்தவரே உண்மையைச் சொன்னார்: ஏற்றுவதற்கு முன் தன் லெவலை முடித்துக் காட்ட வேண்டும் என்ற விதியை அவர் கையால் விளையாடித் தாண்டவில்லை, கட்டளைகளை முன்கூட்டியே பதிந்து இயக்கும் கருவியால் தாண்டினார். அந்த லெவல் 2017இலிருந்து அங்கே இருந்தது.

நாம் அப்போது பக்கம் எழுதியிருந்தால் «உருவாக்கியவர் தானே முடித்த லெவல்» என்று உறுதியாக எழுதியிருப்போம். ஏழு ஆண்டுகள் அந்த வரி அப்படியே நின்றிருக்கும். அசல் விளையாட்டின் எண்ணை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். மேப் செய்தவர் தன்னைப் பற்றிச் சொல்வதை எப்படிச் சரிபார்ப்பீர்கள்?

நிலவறை

உருவாக்கியவரின் கூற்று என்று சொல்லியே எழுத வேண்டும். «தானே முடித்ததாக உருவாக்கியவர் கூறியிருக்கிறார்» என்றால் 2017இலும் அது சரி, 2024க்குப் பிறகும் சரி. பின்னால் வந்த செய்தியைக் கீழே சேர்த்தால் போதும். யார் சொன்னது என்பதை விடாமல் எழுதுவது இந்தப் பெயர்வெளியின் முதல் விதியாக இருக்கட்டும்.

பழையபதிப்பு

டூம் என்ற பழைய துப்பாக்கி விளையாட்டின் பக்கத்திலிருந்து வருகிறேன், அங்கே இந்த விவாதம் மிகப் பழையது. 1993இல் டூம் வந்தபோதே மேப்பும் படமும் ஒலியும் வாட் என்ற தனிக் கோப்பில் இருந்தன. மென்பொருளைத் தொடாமல் கோப்பை மட்டும் மாற்றலாம். அதனால் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தது. அவற்றைச் சேர்த்து வைத்த களஞ்சியத்தில் ஒரு நல்ல வழக்கம் நிலைத்தது: ஒவ்வொரு வாட் கோப்போடும் ஒரு உரைக் கோப்பு. யார் செய்தது, எந்த விளையாட்டுக்கு, எத்தனை மேப், புதிதாகச் செய்ததா இன்னொருவர் வேலையின் மேல் கட்டியதா, மற்றவர்கள் இதை எடுத்து மாற்றலாமா என்று எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். இன்றும் ஒரு பழைய மேப்பைத் திறந்தால் அந்தத் தாள் பேசுகிறது. நிலவறை சொன்ன கட்டாய விவரங்களோடு கடைசி இரண்டையும் சேர்த்துவிடுங்கள். அடுத்தவர் செய்த உருவங்களை எடுத்து ஒட்டிய மோட்கள் ஏராளம். உண்மையில் செய்தவருக்குப் பெயர் போய்ச் சேர வேண்டும்.

தனிப் பெயர்வெளி நடைமுறையில் ஓடுமா என்று கேட்டால், ஓடுகிறது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் விளையாட்டுகளின் பழைய ரசிகர் விக்கியான யூஈஎஸ்பியில் மோரோவிண்டுக்கான தாம்ரியல் ரீபில்ட் மோடுக்குத் தனிப் பெயர்வெளியில் பக்கங்கள் இருக்கின்றன. அசல் நிலப்பரப்போடு அது கலப்பதில்லை.

ஆனால் பெயர்வெளியை உருவாக்கினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நம் ஆயுத வார்ப்புரு, அதாவது பக்கங்களில் போடும் ஆயத்தப் பெட்டி, தானாகவே «ஆயுதங்கள்» பகுப்பைச் சேர்க்கிறது. மோட் பக்கத்தில் அதே வார்ப்புருவைப் போட்டால் அந்த வாள் மறுபடியும் அசல் பகுப்பில் வந்து நிற்கும். ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தானாகக் கொண்டுபோகும் வழிமாற்றுகளும் அப்படித்தான். மோட் பக்கங்களுக்கு வார்ப்புருவும் பகுப்பும் வேறாக இருக்க வேண்டும்.

எதற்குப் பக்கம் என்பதற்கும் ஓர் அளவுகோல் வேண்டும். செய்தவரைத் தவிர வேறு யாராவது அதைப் பற்றி விரிவாகப் பேசியிருக்க வேண்டும்: விமர்சனம், ஆண்டு விருது, போட்டி, அதன் மேல் கட்டிய இன்னொரு மோட். டூம் மேப்களுக்கு 2004இலிருந்து ஆண்டுதோறும் ரசிகர் விருது தருகிறார்கள், அதுபோன்ற ஒன்று இருந்தால் முடிவெடுப்பது எளிது.

மேப்காரன்

அளவுகோல் என்றதும் எனக்குக் கோபம் வருகிறது. யாரும் பேசாததால் பக்கம் இல்லை, பக்கம் இல்லாததால் யாரும் பேசுவதில்லை. பெரிய சேனல் ஒன்று விளையாடிக் காட்டிய மேப் மட்டும் வரலாறு ஆகும். எடிட்டரில் யாரும் நினைக்காத ஒரு பொறியை முதலில் செய்தவர் பல நேரம் பெயரே தெரியாதவராக இருப்பார். அதை எடுத்துப் பளபளப்பாக்கியவருக்குத்தான் புகழ்.

பழையபதிப்பு

தனிப் பக்கத்துக்குத்தான் அளவுகோல் கேட்டேன். ஆண்டுவாரியாக ஒரு பட்டியல் வைத்து எந்த மேப்புக்கும் ஒரு வரி தரலாம், தடையே வேண்டாம். நீங்கள் சொல்லும் பொறிக்கு வேறு இடம் இருக்கிறது: அந்த உத்தியைப் பற்றியே ஒரு பக்கம் எழுதி, முதலில் எங்கே வந்தது என்று தேதியோடு காட்டுங்கள். பெயர் தெரியாதவருக்கு அதுவே சரியான மரியாதை.

புதுவரவு

நான் எழுதுபவன் இல்லை, படிப்பவன். மொபைலில்தான் படிக்கிறேன். மேலே வண்ணப் பெட்டியில் «இது மோட்» என்று போடுவீர்கள், ஆனால் மொபைல் தோற்றத்தில் சில பெட்டிகள் சுருங்கிவிடும், சில தெரியவே தெரியாது. தேடலில் இருந்து நேராகப் பக்கத்தின் நடுவில் வந்து இறங்குவதும் உண்டு. கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே «இன்ன மோடில் வரும் வாள்» என்று எழுதினால் எனக்குப் போதும். அந்த வாளைத் தேடி அலைந்தவர் நானாகவும் இருந்திருக்கலாம்.

சான்றெங்கே

புதுவரவு சொன்னது இந்த விவாதத்தில் எல்லாவற்றையும்விட முக்கியம். முதல் வாக்கியம் கட்டாயம் என்று எழுதுங்கள்.

பெயர்வெளிக்கு என் எதிர்ப்பு தொடர்கிறது. ஆனால் பெரும்பாலானவர்கள் வேண்டும் என்றால் சில நிபந்தனைகளாவது வையுங்கள். மோட் பக்கங்களில் சேத எண், விலை, நிகழ்தகவு போன்ற அட்டவணைகள் வேண்டாம். முதலில் பழசாவது அவைதான். என்ன செய்யும், எப்படி விளையாட வேண்டும் என்று உரைநடையில் இருக்கட்டும். தன் மோடுக்குத் தானே பக்கம் தொடங்கக் கூடாது, திருத்தம் இருந்தால் உரையாடல் பக்கத்தில் சொல்லலாம். மோடின் பதிவிறக்கப் பக்கத்தில் இருக்கும் விவரணையை வெட்டி ஒட்டவும் கூடாது. நம் உரை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாகிறது. இன்னொருவர் எழுத்தை அனுமதி இல்லாமல் அந்த உரிமத்தில் கொடுக்க நமக்கு உரிமை கிடையாது.

மேப்காரன்

கடைசி இரண்டும் சரி. அட்டவணை வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். சில மோட்களின் உயிரே எண்களில்தான் இருக்கிறது. வெர்ஷன் எண்ணைத் தலைப்பிலேயே போட்ட அட்டவணை எப்படிப் பழசாகும்? 1.2க்கான அட்டவணை 1.2க்கு என்றும் சரிதான்.

இன்னொன்று, யாரும் தொடாதது. செய்தவர் தன் மோடை எடுத்துவிட்டு, பக்கத்தையும் நீக்குங்கள் என்று கேட்டால்? 2021இல் மோட்களைப் பகிரும் நெக்ஸஸ் மோட்ஸ் தளம் இனிக் கோப்புகளை முழுதாக அழிக்க முடியாது, காப்பகத்துக்குத்தான் போகும் என்று விதி மாற்றியபோது சிலர் தங்கள் வேலையை எல்லாம் எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். அவர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. நான் செய்தது, எனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்.

நிலவறை

கோப்பு உங்களுடையது, அதை நாம் ஏற்றப் போவதும் இல்லை. இறந்த இணைப்பை எடுத்துவிடுவோம். சொந்தப் பெயரை நீக்கி ஆசிரியர் பெயரின்றி வைக்கச் சொன்னால் அதையும் செய்யலாம். ஆனால் பலர் விளையாடிய ஒன்றைப் பற்றி மற்றவர்கள் தங்கள் சொற்களில் எழுதியதை நீக்கக் கேட்பது வேறு விஷயம். விளையாடியவர்களின் நினைவும் அதில் இருக்கிறது.

மேப்காரன்

யாருமே விளையாடாத மேப் என்றால்?

நிலவறை

அதற்கு அந்த ஒரு வரிதான் இருக்கும், கேட்டால் நீக்கிவிடலாம். தனிப் பக்கம் உள்ளவற்றுக்கு உரையாடல் பக்கத்தில் வழக்குக்கு வழக்கு முடிவு. இதை இப்படியே வரைவில் எழுதுகிறேன், நீங்கள் எதிர்ப்பதையும் உங்கள் பெயரோடு குறிக்கிறேன். அட்டவணை பற்றியது திறந்தே இருக்கட்டும். பழையபதிப்பு, மோட்களுக்கான ஆயுத வார்ப்புருவை நீங்கள் எடுத்துக்கொள்வீர்களா? அது தயாரானதும் பட்டியலில் இருக்கும் அந்த வாள்களை முதலில் நகர்த்தலாம்.

சான்றெங்கே

நகர்த்தும்போது பழைய தலைப்பில் வழிமாற்று விடாதீர்கள். உரையாடல் பக்கத்தில் கேட்டவருக்கு நானே பதில் எழுதுகிறேன்.