போலந்தில் கெமிக்கல் வேலை: பட்டம், அப்போஸ்டில், பாட்டில் லேபிள்

கேள்வி: பி.டெக் கெமிக்கல் முடித்தவனுக்கு போலந்தின் தார்னூஃப் ஊரில் ஓர் உர ஆலை லேபில் ஆஃபர். பட்டத்தை அங்கே நாஸ்ட்ரிஃபிகேஷன் (போலிஷ் பட்டத்துக்குச் சமம் என்று அங்கீகாரம் வாங்குவது) பண்ணியே ஆகணுமா அண்ணா? கூட வரும் நண்பன் இ.இ.இ. (மின்பொறியியல்).

பதில் 1:
லேப் வேலைக்கு வேண்டாம் தம்பி. கெமிஸ்ட், புராசஸ் இன்ஜினியர் எல்லாம் அங்கே லைசென்ஸ் கேட்கும் தொழில்கள் இல்லை. பட்டத்தை ஏற்பதும் மறுப்பதும் கம்பெனி பாடு. பட்டம் எந்த மட்டம் என்று எச்.ஆர். கேட்டால், நாவா என்ற அரசு முகமையின் இணையதளத்தில் தகவல் தாள் எடுத்துக் கொடுங்கள். நாஸ்ட்ரிஃபிகேஷன் வேறு கதை: பல்கலைக்கழகம் பாடம் பாடமாக ஒப்பிடும், குறை இருந்தால் தேர்வோ பயிற்சியோ கேட்கும், கட்டணம் பேராசிரியர் சம்பளத்தில் பாதி வரை போகலாம். தேவையில்லாமல் அதில் தலையைக் கொடுக்காதீர்கள். ஆனால் அது இல்லாமல் பெயருக்கு முன்னால் போலிஷ் இன்ஜினியர் பட்டச் சுருக்கத்தைப் போட்டுக்கொள்ளவும் கூடாது.

சிவில்காரர்கள்தான் தப்ப முடியாது. வரைபடத்தில் கையெழுத்துப் போட உரிமம் வேண்டும். அதற்குப் பயிற்சிக்காலம், போலிஷில் எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, கடைசியில் சேம்பர் என்ற பொறியாளர் அமைப்பின் உறுப்பினர் கட்டணம், இன்ஷூரன்ஸ்.

காகிதங்களில் வரிசை முக்கியம். முதலில் ஊரில் அப்போஸ்டில் (சான்றிதழ் வெளிநாட்டில் செல்ல நம் அரசு போடும் முத்திரை), பிறகு போலந்தில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் (அரசு அங்கீகாரம் பெற்றவர்). முன்னாடியே மொழிபெயர்த்துவிட்டால் அப்போஸ்டில் முத்திரையை மொழிபெயர்க்கத் தனியாகக் காசு போகும். அவர்கள் கணக்கில் ஒரு பக்கம் என்பது இடைவெளியோடு சேர்த்து 1125 எழுத்து. எட்டு செமஸ்டர் மார்க்‌ஷீட்டைத் தனித்தனியாகக் கொடுத்தால் பில் எகிறும். ஒருங்கிணைந்த டிரான்ஸ்கிரிப்ட் ஒன்று வாங்கிப் போங்கள்.

நம்மவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் இனிஷியல். சான்றிதழில் 'கார்த்திக் எஸ்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. அங்கே இது இரண்டு ஆள். இரண்டும் ஒரே நபர் என்ற அஃபிடவிட்டைக் கிளம்புமுன் எடுத்து, அதற்கும் அப்போஸ்டில் போட்டுவிடுங்கள்.

வேலையில் சேருமுன் கம்பெனி தரும் பரிந்துரைச் சீட்டோடு மருத்துவப் பரிசோதனை, செலவு அவர்களுடையது. எந்தக் கெமிக்கல்களோடு வேலை என்பது அந்தச் சீட்டில் எழுதியிருக்கிறதா பாருங்கள். டாக்டர் அதை வைத்துத்தான் சோதிப்பார்.

பதில் 2:
எல்லோரும் பட்டத்தைப் பற்றியே கேட்கிறார்கள், கெமிக்கல் பாட்டிலின் லேபிளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. போலிஷில் நைட்ரஜன் 'அசோத்', ஆக்சிஜன் 'ட்லென்'. நாம் உயிர்வளி என்று வைத்த மாதிரி அவர்களும் சொந்தமாக வைத்த பெயர். பழைய லேபிளில் நைட்ரேட் 'அசோத்தான்', நைட்ரைட் 'அசோத்தின்'. புதிய முறையில் இரண்டுமே 'அசோத்தான்'தான், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ரோமன் எண்: V (5) என்றால் நைட்ரேட், III (3) என்றால் நைட்ரைட். அந்த எண்ணைத் தாண்டிப் போனால் மாற்றி எடுப்பீர்கள். நைட்ரைட் நச்சு, அமிலத்தில் விழுந்தால் பழுப்புப் புகை கிளம்பும். 'ஸ்தென்ஜோனி' அடர்த்தியானது, 'ரோஸ்சியென்ச்சோனி' நீர்த்தது. இந்த இரண்டையும் முதல் வாரமே மனப்பாடம் செய்யுங்கள்.

அடுத்தது கமா. அங்கே தசமத்துக்குப் புள்ளி இல்லை, கமா. எடை போடும் தாளில் 2,500 கிராம் என்றால் இரண்டரை கிராம், இரண்டாயிரத்து ஐந்நூறு இல்லை. லேப் கம்ப்யூட்டர் எக்செல்லில் 2.5 என்று தட்டினால் அது மே 2 ஆகிவிடும், நெடுவரிசைச் சராசரி கெட்டுப்போகும். முதலில் கம்ப்யூட்டரின் தசமக்குறி அமைப்பைப் பாருங்கள், இல்லையென்றால் கமாவோடு பழகிக்கொள்ளுங்கள்.

தார்னூஃபில் ஆலை இருக்கும் பகுதிக்கே மோஷ்சித்சே என்று பெயர். நைட்ரிக் அமில ஆராய்ச்சியாளராக இருந்து 1926இல் நாட்டின் ஜனாதிபதியான இக்னாத்ஸி மோஷ்சித்ஸ்கியின் நினைவு அது. அவ்வளவு பழைய ஆலை, அங்கே பழைய போலிஷ் பெயர் ஒட்டிய பாட்டில் கண்ணில் பட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

பதில் 3:
இ.இ.இ. நண்பருக்கு: மின்சாதனத்தில் கை வைக்க அங்கே முதல் பிரிவு (மின்சாரப் பிரிவு) தகுதிச் சான்று வேண்டும், பட்டம் மட்டும் போதாது. 'ஈ' வகை கையால் வேலை செய்ய, 'டி' வகை மேற்பார்வைக்கு. 'டி' வாங்கியவர் 'ஈ' இல்லாமல் பேனலைத் திறக்கலாம் என்று நினைப்பது வழக்கமான தப்பு. எத்தனை வோல்ட் வரை என்பதையும் சான்றில் பாருங்கள், 1 கிலோவோல்ட் வரை என்றால் அதோடு சரி. தேர்வு குழு முன் வாய்மொழியாக, கட்டணம் குறைந்தபட்சச் சம்பளத்தில் 10 சதவீதம், 5 வருடத்தில் புதுப்பிக்கணும்.