மவுன்டட் போலீஸுக்கு தமிழ்ல என்ன வைக்கலாம்? குரோசியர் கட்டுரைக்காக, நாலு நாள் மடல்களுக்கும் சேர்த்து என் பதில்

எல்லாருக்கும் வணக்கம்,

நான் கேட்டது ஒரே ஒரு சொல்லுக்குத்தான், இத்தனை பேர் இவ்ளோ அக்கறையா எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கல, ரொம்ப நன்றி. தனித்தனியா பதில் போட்டா இழை சிக்கலாயிடும்னு ஒரே மடலா எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும்.

புதுசா படிக்கிறவங்களுக்காக திரும்ப சொல்லிடறேன். கட்டுரை லீஃப் குரோசியர் பத்தினது. அயர்லாந்துல நியூரில பொறந்தவர், 1873-ல கனடா அரசு மேற்குப் புல்வெளிக்குன்னு தனியா ஒரு மவுன்டட் போலீஸ் (குதிரை ஏறிப் போற போலீஸ்) ஆரம்பிச்சப்பவே அதிகாரியா சேர்ந்தவர். 1885-ல லூயி ரியெல் தலைமையில மேட்டீ மக்கள் (ஐரோப்பியரும் பூர்வகுடிகளும் கலந்து உருவான சமூகம்) அரசாங்கத்துக்கு எதிரா எழுந்தப்ப டக் லேக்ங்கற ஊர்கிட்ட நடந்த முதல் மோதல்ல போலீஸ் பக்கம் தலைமை தாங்கினது இவர்தான். (மேட்டீன்னு நெடில்லயே எழுதறேன். மெட்டின்னு எழுதினா நம்ம கண்ணுக்கு கால்விரல்ல போடறதுதான் தெரியுது.)

> குதிரைப்படைன்னே எழுதிடலாம், சென்னை போலீஸ் குதிரைகள பத்தி பேப்பர்ல அப்படித்தான் வருது, எல்லாருக்கும் புரியும்

அண்ணா, புரியும்கிறது உண்மை. ஆனா தப்பா புரியும், என் பயமே அதுதான். மெரினாவுல குதிரையில வர்ற போலீஸ நேர்ல பாக்கறோம், அதனால பேப்பர்காரங்க குதிரைப்படைன்னு எழுதினாலும் நமக்கு அது போலீஸ்தான். 1885 கனடாவ பத்தி படிக்கிறவருக்கு அந்த உதவி கிடையாது, குதிரைப்படைன்னு பாத்ததும் ராணுவம்னுதான் எடுத்துக்குவார். குரோசியர் கதையோட உயிரே இவங்க போலீஸா ராணுவமாங்கற கேள்விலதான் இருக்கு. அந்த ஊர்க்காரங்க வழக்கமா சொல்ற ஒரு கதை, பிரதமர் மெக்டொனால்டு முதல்ல "மவுன்டட் ரைஃபிள்ஸ்"னுதான் பேர் வெச்சிருந்தாராம், எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காக்காரங்க படை வருதுன்னு சங்கடப்படுவாங்கன்னு "ரைஃபிள்ஸ்" அடிச்சிட்டு "போலீஸ்"னு எழுதினாராம். அவங்களே அடிச்சுட்டு மாத்தின சொல்ல நாம தமிழ்ல திரும்ப உள்ள கொண்டு வரலாமா?

உங்க பக்கமும் நியாயம் இருக்கு, அதையும் ஒத்துக்கணும். சிவப்பு கோட்டு, பட்டாளத்து மாதிரி பயிற்சி, 1874-ல மேற்க போனப்பவே பீரங்கி இழுத்துட்டுத்தான் போனாங்க. ஆனா வேலை போலீஸ் வேலை. சாராய வியாபாரிய பிடிக்கிறது, குதிரைத் திருட்டு விசாரிக்கிறது, அதோட அதிகாரிங்களுக்கு மாஜிஸ்திரேட் அதிகாரமும் உண்டு, பிடிக்கிறவரே விசாரிச்சு தண்டனையும் கொடுப்பார். எந்தக் குதிரைப்படை தளபதிக்கு இந்த வேலை? அதனாலதான் "கமாண்டர்"னு வர்ற இடத்துலயும் தளபதி வேணாம்கறேன், பொறுப்பதிகாரி போதும்.

> குதிரைக்காவலர்னு சுருக்கமா வெச்சுக்கலாமே

இதுலதான் நானும் முதல்ல விழுந்தேன், ஒரு நாள் பூரா அதையேதான் எழுதினேன். அப்புறம் எங்க அம்மாகிட்ட சும்மா படிச்சுக் காட்டினேன், அவங்க கேட்டாங்க "குதிரை காணாமப் போகாம பாத்துக்கறவங்களா?"ன்னு. அவங்க கேட்டது ரொம்ப சரி. மெய்க்காவலர் மெய்யை காக்கறவர், வனக்காவலர் வனத்தை, பயிர்க்காவல் பயிர, பழைய கல்வெட்டுல வர்ற பாடிகாவல் பாடியை, அதாவது ஊரை. காவலுக்கு முன்னாடி ஒரு பொருளோ இடமோ வந்தா அதைத்தான் காக்கறாங்கன்னு தமிழ்க் காது எடுத்துக்குது. பெண் காவலர், தலைமைக் காவலர்னு ஆளைச் சொல்ற சொல் வந்தா அந்தப் பிரச்சனை இல்ல, ஆனா குதிரை அந்தக் கணக்குல வராதே. பரிக்காவல், புரவிக்காவல் எல்லாத்துக்கும் இதே சிக்கல்தான்.

> இராவுத்தர், குதிரைச் சேவகர்னு நம்மகிட்டயே பழைய சொல் இருக்கே

ஐயா, இந்த மடல படிச்சப்ப மனசு நிறைஞ்சுது. இராவுத்தர்னா குதிரைவீரர்ங்கறதே இப்ப பல பேருக்கு தெரியாது, குதிரைச் சேவகர்னா மாணிக்கவாசகருக்காக சிவபெருமான் குதிரை ஓட்டிட்டு வந்த கோலம்தான் கண்ணு முன்னாடி வருது. ஆனா ரெண்டுமே ராஜாகிட்ட சேவகம் பண்ற போர்வீரர், போலீஸ் இல்ல. இராவுத்தர் இன்னிக்கு ஒரு சமூகத்தோட பேராவும் இருக்கு, அத கொண்டு போய் கனடா போலீஸுக்கு வைக்கறது முறையில்லன்னு தோணுது.

இப்ப என் முன்மொழிவு: பரியேறு காவல். ஆள சொல்லும்போது பரியேறு காவலர். இது வினைத்தொகை, அதனால க் மிகாது, குதிரைக்காவல்ல இருக்கிற அந்த "க்"தான் காக்கறவங்கன்னு காட்டிக் கொடுக்குது, இங்க அது இல்ல. ஏறுதல்ங்கற வினை நடுவுல நிக்கறதால குதிரைய காக்கறவங்கன்னு யாரும் நினைக்க மாட்டாங்க. யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன "பரியூர் காவலர்" இலக்கணப்படி ரொம்ப அழகு, ஊர்தல்ங்கற பழைய வினைய எடுத்ததுக்கே அவங்களுக்கு நன்றி சொல்லணும், ஆனா அக்கா, பரியூர்னு பாத்ததும் ஊர் பேர்தானே மனசுக்கு வருது, பக்கத்துலயே ஊர்க்காவல் படை வேற ஞாபகத்துக்கு வந்துடுது.

அமைப்போட முழுப் பேர் "வடமேற்குப் பரியேறு காவல்". கட்டுரை உள்ள ஓட்டத்துல "குதிரைப் போலீஸ்"னோ வெறும் "போலீஸ்"னோ எழுதலாம்னு இருக்கேன், எல்லா வரியிலயும் பரியேறு பரியேறுன்னு வந்தா படிக்க முடியாது. போலீஸ் தமிழ்ல நூறு வருஷத்துக்கு மேல புழங்கற சொல், அதுக்கு கூச்சப்பட ஒண்ணுமில்ல.

> டக் லேக்ல நடந்தது யுத்தம்தானே, அப்புறம் எதுக்கு இவ்ளோ போலீஸ் போலீஸ்னு அழுத்தறீங்க

இதுக்கு ரெண்டு காட்சி சொல்றேன், ஏன் அழுத்தறேன்னு புரியும்.

முதலாவது 1884 ஜூன், பவுண்ட்மேக்கர்ங்கற க்ரீ பூர்வகுடித் தலைவரோட ரிசர்வ்ல (பூர்வகுடிகளுக்குன்னு ஒதுக்கின நிலம்). காட்டெருமை அத்துப் போயி க்ரீ மக்கள் அரசாங்க மாவையும் பன்றிக்கறியயும் நம்பி இருக்கற நிலைமை, செலவ குறைக்கணும்னு ஒட்டாவாவுல இருக்கற மத்திய அரசு அதையும் வெட்டிட்டு இருக்கு. ஒரு க்ரீ ஆள் சாப்பாடு கேக்கறார், அரசாங்கம் வெச்ச பண்ணைப் பயிற்சியாளர் தர மாட்டேன்கறார், கேட்டவர் அவர கோடாலிக் காம்பால ஒரு அடி போட்டுடறார். அடிச்சவர பிடிக்க குரோசியர் தொண்ணூறு பேர் அளவுக்கு கூட்டிட்டு வர்றார். அங்க நடனச் சடங்குக்கு கூடியிருக்கற கூட்டமோ பல நூறு, ரெண்டு பக்கமும் துப்பாக்கி. ஒருத்தர் சுட்டிருந்தா எழுச்சி ஒரு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும். யாரும் சுடல. பேச்சும் தள்ளுமுள்ளுமா போயி கடைசில ஆள பிடிச்சாச்சு, பிடிச்ச கையோட குரோசியர் மாவு மூட்டையயும் பன்றிக்கறியயும் கூட்டத்துக்கு எடுத்துக் கொடுக்கறார். பிடிக்க வேண்டியவர பிடிக்கணும், பசிச்சவங்களுக்கு சோறு போடணும், ரெண்டும் தெரிஞ்சவர் பண்ணின வேலை அது, அசல் போலீஸ்காரர் வேலை.

ரெண்டாவது 1885 மார்ச் 26. நிலத்தை சதுரம் சதுரமா அளக்க வந்தவங்க ஆத்தோரமா நீளமா இருக்கற மேட்டீ காணிகள கலைச்சிடுவாங்கன்னு பயம், மனு மேல மனு போட்டும் பதில் இல்ல, ரியெல் பட்டோஷ்ங்கற மேட்டீ ஊர்ல தற்காலிக அரசு அறிவிச்சாச்சு. குரோசியர் முன்னாடியே தந்தி அடிச்சு எச்சரிச்சவர்தான், அதயும் சொல்லணும். அன்னிக்கு காலைல டக் லேக் கடையில இருந்து சாமான் எடுத்துட்டு வர அனுப்பின சின்ன கோஷ்டிய மேட்டீ படைத்தலைவர் கேப்ரியல் டுமான்ட் ஆட்கள் மறிச்சு திருப்பி அனுப்பிட்டாங்க. ஆணையர் அர்வின் ரெஜைனாவுல இருந்து நூறு பேர் அளவுக்கு கூட்டிட்டு வந்துட்டு இருக்கார், அன்னிக்கு மத்தியானமே குரோசியர் தங்கியிருந்த கார்ல்டன் கோட்டைக்கு வந்து சேர்ந்துட்டார். சில மணி நேரம் பொறுத்திருந்தா போதும். குரோசியர் பொறுக்கல. போலீஸும் பிரின்ஸ் ஆல்பர்ட் தன்னார்வலர்களுமா நூறு பேருக்கு கிட்ட, ஒரு பீரங்கி, ஆழப் பனி, அதனால முக்கால்வாசி பேர் சறுக்கு வண்டியில.

இந்த இடத்த கவனிங்க, பேர்ல குதிரை இருக்கறவங்க வாழ்க்கையிலயே முக்கியமான நாள்ல குதிரை மேல இல்ல. அதனாலதான் அந்தப் பத்தியில நான் பரியேறுன்னு எழுதாம போலீஸ்னு மட்டும் எழுதறேன்.

வழியில டுமான்டோட அண்ணன் இசிடோரும் அசீயிவின்னு ஒரு க்ரீ முதியவரும் போர்வைய காட்டிட்டு பேச வர்றாங்க, குரோசியரும் மொழிபெயர்ப்பாளர் மெக்கேயும் முன்னாடி போறாங்க. பேச்சு நடக்கும்போதே மெக்கே துப்பாக்கிய அசீயிவின் பிடிக்க, இழுபறியாகி, மெக்கே சுட்டுட்டார். அவ்வளவுதான். அரை மணி நேரத்துல குரோசியர் பக்கம் 12 பேர் போயிட்டாங்க, அதுல 9 பேர் பிரின்ஸ் ஆல்பர்ட் ஊர்க்காரங்க. எதிர்ப்பக்கம் 6 பேர், பேச வந்த அந்த ரெண்டு பேரும் அதுல. துரத்தி அடிக்க வேணாம்னு ரியெல் தடுத்ததாலதான் மத்தவங்க திரும்பி வந்தாங்க.

ஒரே மனுஷர், ஒன்பது மாச இடைவெளி. பவுண்ட்மேக்கர்ல போலீஸா நின்னவர் டக் லேக்ல படைத்தலைவரா போனார்னு நான் வாசிக்கறேன். குதிரைப்படைன்னு பேர் வெச்சுட்டா படை போச்சு, சண்டை போட்டுச்சு, தோத்துச்சுன்னு சாதாரணமா முடிஞ்சுடும், வாசகருக்கு அந்த மாற்றமே கண்ணுல படாது. நான் நாலு நாளா மல்லுக்கட்டறது இதுக்காகத்தான்.

பதவிப் பேர்கள்: கமிஷனர் ஆணையர், அதுல பேச்சே இல்ல. சூப்பரின்டென்டென்டுக்கு கண்காணிப்பாளர், நம்ம எஸ்.பி. மாதிரியே ஒரு பெரிய பகுதிக்கு பொறுப்பு, சரியாதான் பொருந்துது. டிடாச்மென்டுக்கு கனடா அண்ணன் சொன்ன புறக்காவல் நிலையம் அருமை, அப்படியே எடுத்துக்கறேன்.

ஃபிரான்டியருக்கு எல்லைப்புறம்னு போட்டிருக்கேன். ஆனா "வடமேற்கு எல்லைப்புற"ன்னு சேர்த்து எழுதிடாதீங்க, நம்மாளுங்களுக்கு பெஷாவர் ஞாபகம்தான் வரும்.

> கலகம்னு போடுங்க, மூலத்துல அப்படித்தான் இருக்கு

மூலமே இப்ப மாறிட்டு இருக்கு. கனடாவுல ரெபெல்லியன்னு சொன்னத நிறைய பேர் இப்ப ரெசிஸ்டன்ஸ்னு எழுதறாங்க. வேலூர் 1806-ஐ கலகம்னும் புரட்சின்னும் ரெண்டு விதமா எழுதின அனுபவம் நமக்கே உண்டு, யார் எழுதறாங்கங்கறத பொறுத்து சொல் மாறும். கலகம்னா தப்பு அவங்க மேலன்னு முதல்லயே தீர்ப்பு சொன்ன மாதிரி ஆகுது, எதிர்ப்புன்னு மட்டும் போட்டா கொடி பிடிச்ச ஊர்வலம் மாதிரி இருக்கு. நான் "வடமேற்குக் கிளர்ச்சி"ன்னு வெச்சிருக்கேன், இதவிட நல்லது யாராவது சொன்னா மாத்திக்கறேன், இதுல எனக்கு பிடிவாதம் இல்ல.

கட்டுரையோட கடைசிப் பகுதி இன்னும் எழுதல. டக் லேக்குக்கு அப்புறமும் அவருக்கு துணை ஆணையரா உயர்வு கிடைச்சுது, 1886-ல ஆணையர் பதவி காலியானப்ப வெளில இருந்து லாரன்ஸ் ஹெர்ச்மர கொண்டு வந்து வெச்சாங்க, அந்த வருஷமே இவர் ராஜினாமா. அமெரிக்கா போயி வியாபாரம், வங்கின்னு இருந்து 1901-ல ஓக்லஹோமாவுல குஷிங்ல செத்துப் போனார். இங்க "துணை ஆணையர்"ங்கறது அசிஸ்டன்ட் கமிஷனருக்கு, ஆனா நம்ம ஊர்ல அத உதவி ஆணையர்னு சொல்றோம், அது ரொம்ப கீழ்ப் பதவி, இங்கயோ ஆணையருக்கு அடுத்த ஆள். துணைன்னே விட்டுடலாமா, இல்ல அடுத்தநிலை ஆணையர் மாதிரி ஏதாவது வைக்கலாமா? இது ஒண்ணுக்கு மட்டும் உங்க எல்லார் கருத்தும் வேணும், வர்ற ஞாயித்துக்கிழமை பக்கத்த ஏத்தலாம்னு இருக்கேன்.

அன்புடன்