புதுப்பிப்பு: ஆழமான பொடிப்பனியில் புதிய மலை ஸ்னோமொபைல்

154 அங்குல ட்ராக் (அடியில் சுழன்று வண்டியை உந்தும் ரப்பர் பட்டை) கொண்ட பழைய பனி வண்டியைக் கொடுத்துவிட்டு, 165 அங்குல நீள ட்ராக்கும் அதில் பனியைத் தள்ளும் 3 அங்குல உயரத் துடுப்புகளும் கொண்ட புதியதை வாங்கியிருப்பதாக டிசம்பரில் இந்த இழையைத் தொடங்கியபோது எழுதியிருந்தேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ரெவெல்ஸ்டோக் அருகே, போல்டர் மலையில் ஆறு நாட்கள் ஓட்டிய பின் இதை எழுதுகிறேன்.

இடுப்பளவு புதுப்பனியில், நின்ற இடத்திலிருந்து ஏற்றத்தில் புறப்படும்போதுதான் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. பழைய வண்டி, விசையைக் கூட்டிய உடனே தனக்குத் தானே பள்ளம் தோண்டிக்கொண்டு அமிழ்ந்துவிடும்; புதியதில் எடை நீண்ட பரப்பில் பரவுவதால், விசையை நிதானமாகக் கூட்டினால் அது பனியின் மேலேறி மிதக்கத் தொடங்குகிறது. அந்தக் கணத்தின் மகிழ்ச்சிக்காகவே இதை வாங்கினேன் என்று சொல்வேன். ஆனால் நெருக்கமான மரங்களுக்கிடையே சட்டெனத் திருப்ப அந்த நீளமே இடையூறாகிறது.

இறுகிய பாதையில் இன்ஜின் விரைவில் சூடாகிறது. ட்ராக் வாரியிறைக்கும் பனிதான் குளிர்விப்பான்களைக் குளிர வைக்கிறது என்பதால், அங்கே பனியைச் சுரண்டித் தூவும் கம்பிகளை இறக்கியே ஓட்ட வேண்டும்.

டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி) தேவையா என்று கேட்டிருந்தீர்கள். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீத ஆற்றலை இழக்கும். என்னுடையது டர்போ இல்லாததுதான், 2,000 மீட்டருக்கு மேல் அந்த இழப்பை நன்றாகவே உணர்ந்தேன். எனினும், பனிச்சரிவு அபாயமுள்ள செங்குத்துச் சரிவுகளுக்கு இந்த வண்டியே எளிதாக ஏறிவிடுவதால், பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடும் அவலாஞ்ச் கனடா அமைப்பின் அன்றைய முன்னறிவிப்பைப் படிக்காமல் நான் புறப்படுவதில்லை.