மிளகாய் நாற்றுகள் சாய்கின்றன, வழி சொல்லுங்கள்

வீட்டுக்குள் மிளகாய் விதை போட்டிருக்கிறேன். நாற்றுத்தட்டு வாங்க மனமில்லை. காலித் தயிர்க் கப்புகளும் முட்டை அட்டையும்தான் என் நாற்றங்கால். கப்புகளின் அடியில் சூடான ஊசியால் மூன்று துளைகள் இட்டேன். தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்தேன்.

9ஆம் நாள் முளைத்தன. 20 விதைக்கு 14 பழுதில்லை. ஒன்று மட்டும் விதையுறையைத் தொப்பி போல மாட்டிக்கொண்டு நிற்கிறது. பிய்த்துவிடக் கை துறுதுறுக்கிறது.

இப்போது சிக்கல். அட்டையில் இருந்த 4 நாற்றுகள் ஒரே இரவில் சாய்ந்துவிட்டன. மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு பழுப்பாகி, நூல்போல் இளைத்திருக்கிறது. நாற்றழுகல் என்றுதான் நினைக்கிறேன். அட்டை ஈரத்தைவிட்டு விலகவே இல்லை. முளைத்த பிறகும் பிளாஸ்டிக் மூடியை எடுக்காதது என் சோம்பேறித்தனம். கப்பில் இருப்பவை பிழைத்தன, ஆனால் ஜன்னலை எட்டிப் பார்த்தபடி நெடுநெடுவென்று வளர்கின்றன.

மீதியைக் காப்பாற்ற என்ன செய்யலாம்? மேலே மணல் தூவினால் பயனுண்டா? எல்.இ.டி. விளக்கை எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுகிறீர்கள்? அட்டையில் மிஞ்சியவற்றை இப்போதே கப்புக்கு மாற்றவா, உண்மை இலை (முதலில் விரியும் விதையிலைகளுக்குப் பின் வருபவை) இரண்டு வரும்வரை பொறுக்கவா?