பையன் குள்ளமா இருக்கான், வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாமா?

பர்கூர்க்காரன்:
பையனுக்கு 12 வயசு, கிளாஸ்லயே அவன்தான் குட்டி. நோய் நொடி ஒண்ணும் கெடையாது, நானும் வீட்டுக்காரியும் குள்ளம்தான். பெங்களூர்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம், தெனம் ராத்திரி ஊசி, நாலஞ்சு வருஷம் போடணும், செலவு லட்சக்கணக்குல போவும்னாரு. அவனுக்கு போலீஸ் ஆவணும்னு ஆசை, அதுல எங்க பிரிவுக்கு 170 செ.மீ. ஒசரம் கேக்கறாங்க. மாந்தோப்புல பாதிய வித்தா முடியும். என்ன சொல்றீங்க?

அரூர் செல்வி:
நல்லா ஓடி ஆடற புள்ளைக்கு தெனம் ஊசியா அண்ணா? குள்ளம்ங்கறது வியாதி இல்ல. எவனோ ஒரு கோடு போட்டு வச்சிருக்கான், அதுக்காக புள்ள ஒடம்ப இழுக்கறதா? நீங்க போட்டா பக்கத்து வீட்டுக்காரனும் போடுவான், எல்லாரும் வளந்தப்புறம் கோடு இன்னும் மேல போவும், கடைசில தோப்பு இல்லாதவன் புள்ளதான் குள்ளமா நிக்கும்.

ஓசூர் ஷிப்ட்டு:
செல்விக்கா, பல்லுக்கு கம்பி கட்டறோம், லேசர் வச்சு கண்ணாடிய கழட்டறோம், அப்பல்லாம் யாரும் வாய தொறக்கல. அமெரிக்காவுல 2003லயே காரணம் தெரியாத குள்ளத்துக்கும் இந்த ஊசிய எஃப்டிஏ, அதான் அங்க மருந்துக்கு அனுமதி குடுக்கற அரசு அமைப்பு, அனுமதிச்சாச்சு. பெத்தவங்க காசு, பெத்தவங்க விருப்பம், நமக்கென்ன.

அரூர் செல்வி:
"பெத்தவங்க விருப்பம்"னு இந்த ஜில்லாக்காரங்க சொல்லலாமா தம்பி? பொண்ணுன்னா வேணாம்னதும் பெத்தவங்க விருப்பம்தான். அதுக்குத்தான் வயித்துல இருக்கறது ஆணா பொண்ணான்னு பாத்து சொல்லக்கூடாதுன்னு 1994ல சட்டம் போட்டாங்க, வேணாம்னு விடற பொண்ணு புள்ளைய அரசாங்கமே வாங்கிக்கற தொட்டில் கொழந்த திட்டத்த 2001ல தருமபுரிக்கு கொண்டாந்தாங்க. ஊசியும் அதுவும் ஒண்ணுன்னு சொல்ல வரல, ஆனா விருப்பம்னு ஒரு வார்த்தைய சொல்லி முடிச்சுட முடியாது.

ஓசூர் ஷிப்ட்டு:
எதுக்கு எத முடிச்சு போடறீங்க!! அது கொலை, இது ஊசி.

தேன்கனிக்கோட்டை நர்ஸ்:
ஷிப்ட்டு சார், அந்த 2003 அனுமதிய முழுசா சொல்லுங்க. வளந்து முடிச்சாலும் ஆம்பளன்னா 5 அடி 3 அங்குலம், பொண்ணுன்னா 4 அடி 11ஐ தாண்ட மாட்டாங்கன்னு கணக்கு வர்ற ரொம்ப குள்ளமான புள்ளைங்களுக்குத்தான் அது. அஞ்சு மூணுன்னா 160 செ.மீ. வருஷக்கணக்கா குத்தினாலும் அந்த மாதிரி பசங்களுக்கு கூடறது சராசரியா ரெண்டு இன்ச்சு, அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். 165 ஆச்சு. போலீஸ் கோடு அதுக்கும் அந்தாண்ட. தோப்ப வித்தும் கான்ஸ்டபிள் ஆவாதுன்னா எதுக்கு?
ஹார்மோனே சுரக்காத புள்ளைங்க கதை வேற, அவங்களுக்கு இது கண்டிப்பா வேணும், அவங்கள இந்த சண்டைல இழுக்காதீங்க. அப்பறம் ஊசிய 2லருந்து 8 டிகிரில வைக்கணும், உங்கூர்ல கரண்டு எப்படி போவுதுன்னு நீங்களே யோசிங்க.

பென்னாகரத்தான்:
முன்னெல்லாம் செத்தவங்க மூளைக்கடியில இருக்கற சுரப்பிலருந்துதான் அந்த ஹார்மோன எடுப்பாங்களாமே, போட்டுக்கிட்டவங்களுக்கு வருஷம் கழிச்சு மூள கெட்டுப்போச்சாமே?

தேன்கனிக்கோட்டை நர்ஸ்:
உண்மைதான், அந்த மூள நோய்க்கு சிஜேடின்னு பேரு. அதனாலதான் 1985ல அத நிறுத்தினாங்க. இப்ப வர்றது பாக்டீரியா மாதிரி செல்லுக்குள்ள மரபணுவ வச்சு தயாரிக்கறது, அந்த பயம் கெடையாது.

பென்னாகரத்தான்:
சரிங்க. என் கடுப்பு வேற. எங்க பக்கம் போர்த்தண்ணி ஃப்ளோரைடுல பல்லு பழுப்பாகி, முட்டி வளைஞ்சு, கெழவங்க கழுத்த திருப்ப முடியாம கெடந்தாங்க. ஒகேனக்கல் தண்ணி 2013லதான் வந்துச்சு, அதுவும் ஜப்பான் கடன்ல. ஊருக்கே எலும்பு போனப்ப வராத அவசரம் ரெண்டு இன்ச்சுக்கு வருது.

ஓசூர் ஷிப்ட்டு:
தண்ணி பிரச்சனைக்கு இவரு என்ன பண்ணுவாரு பாவம். நான் இன்னமும் சொல்றேன், காசு இருந்தா போடட்டும். குள்ளப்பயன்னு கூப்புடறத தெனம் கேட்டு வளர்றது உங்களுக்கெல்லாம் தெரியாது.

தேன்கனிக்கோட்டை நர்ஸ்:
அத நான் இல்லன்னு சொல்லலையே. பர்கூர் அண்ணா, எடது கை மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயசு, அதாவது எலும்பு எந்த வயசுக்கு வளந்திருக்குன்னு, பாத்தாங்களா? சில பசங்க லேட்டாதான் வளருவாங்க, எலும்பு வயசு கம்மியா இருந்தா ஊசி இல்லாமலே ஏறலாம்.

பர்கூர்க்காரன்:
எக்ஸ்ரே எதுவும் எடுக்கலீங்க. ஒசரம் அளந்தாரு, எழுதிக் குடுத்துட்டாரு.

தேன்கனிக்கோட்டை நர்ஸ்:
அப்ப தோப்புக்கு அட்வான்ஸ் வாங்கிடாதீங்க. கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ்ல கொழந்தைங்க ஓ.பி.யில காட்டுங்க, பழைய ஸ்கூல் ஹெல்த் கார்டுல வருஷாவருஷம் ஒசரம் எழுதியிருந்தா அதையும் எடுத்துட்டு போங்க.

ஓசூர் ஷிப்ட்டு:
எக்ஸ்ரே எடுக்காம எழுதினது தப்புதான். மத்ததுல நான் மாறல.